முன்வரிசையின் முதுகு

அன்று கூடியவர்கள் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஏழு வருடமாகச் சங்கத்தின் குறிப்பேட்டை அப்படித்தான் தொடங்கி வருகிறேன். வேறு மாதிரி தொடங்கினால் எனக்குக் கை ஓடாது.

சாக் முல்யோ, சங்கத் தலைவர், பஞ்சர் கடைக்காரர்: தன் கடையின் நடுவே ஒரு லாரி டயரின் மேல், மடியில் கேசட் பிளேயரோடு. பாக் ஹர்சோனோ, பௌதிக வாத்தியார்: முதுகு சாய்க்க வசதியுள்ள ஒரே நாற்காலியில். இபு சுமியாத்தி: வாசலை ஒட்டிய முக்காலியில், எதிர்ச்சாரியில் கொதித்துக்கொண்டிருந்த தன் பக்சோ என்ற இறைச்சி உருண்டை சூப் அண்டாவின் மேல் ஒரு கண் வைத்தபடி. பெஜோ, சுரபாயா பஸ்ஸில் கண்டக்டர், இருபத்திரண்டு வயது: வாசற்படியில், காலை வெளியே நீட்டிக்கொண்டு. குஸ்தினா என்கிற நான், அச்சகத்தில் தட்டச்சு செய்பவள்: பழைய டியூப்கள் அடைத்த மரப்பெட்டியின் மேல், முழங்காலில் குறிப்பேட்டோடு. எங்கள் ஊரில் சாக் என்றால் அண்ணன், யூ என்றால் அக்கா, பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா. மலாங், 1986 ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஒரு மணி.

எங்கள் சங்கம் லஹார் டிங்கின் என்ற ராக் குழுவின் ரசிகர் சங்கம். லஹார் மலாங்குக்கு வரும்போதெல்லாம் மேடைக்கு முன்னால் இருக்கும் புல்தரை எங்களுடையது. வேறு யாரும் அங்கே நிற்க மாட்டார்கள். நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பு நாங்கள் கூடி, எந்தக் காலத்து லஹார் உயர்ந்தது, எது மட்டம் என்று வாதாடி, கடைசியில் கை தூக்குவோம். மட்டம் என்று முடிவான காலத்துப் பாட்டு ஒன்றுகூட வேண்டாம் என்று லஹாருக்குக் கடிதம் போகும். மீறிப் பாடினால் முன்வரிசை மேடைக்கு முதுகைக் காட்டி நிற்கும். நாங்கள் செய்வது அவ்வளவுதான். மலாங்கில் எங்கள் ஆள் ஒருவன்கூட ஒரு செருப்பை எறிந்ததில்லை என்று சாக் முல்யோ பெருமையாகச் சொல்வார். அது உண்மைதான். ஆனால் முன்வரிசை திரும்பிவிட்டது என்பது தெரிந்தால் போதும், பின்னால் நிற்கும் எட்டாயிரம் பேருக்கு அதுவே உத்தரவு. என்னென்ன பறந்து வரும் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

லஹாருக்கு மூன்று காலம். முதல் லஹார் ஜுமாடி பாடியது. அவர் 1980-இல் லாரி விபத்தில் இறந்துபோனார். அதன் பிறகு மூன்று வருடம் பாடகரே இல்லாமல் கீபோர்டை வைத்து நீளநீளமாக வாசித்தார்கள். அது நடு லஹார். இரண்டு வருடம் முன்பு ரியோ என்ற பையனைப் பாட வைத்தார்கள். அது புது லஹார்.

ரியோ மேடைப் பெயர். வீட்டில் ரியாடி. என் தம்பி.

சங்கத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. புதுப் பாடகன் வந்த மாதமே இதே கடை வாசலில் அவன் சுவரொட்டியை எரித்தார்கள். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அன்று திறக்காத வாயைப் பிறகு எந்த நாளில் திறப்பது?

என் பையில் அவன் கடிதம் இருந்தது. நான்கு நாள் முன்பு சுரபாயாவிலிருந்து வந்தது. கெடிரி ஊர் நிகழ்ச்சியில் கல் பட்ட இடது கண்ணில் இன்னும் பாதிப் பார்வைதான் இருக்கிறது, அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் கண் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கேசட் கம்பெனியோ குறைந்தது ஆறு புதுப் பாட்டு பாடியே ஆகவேண்டும் என்று கையெழுத்து வாங்கிவிட்டது. ‘மலாங்குக்குப் பயந்து வராமல் போனால் அப்புறம் எந்த ஊரும் கூப்பிடாது, யூ. உங்க முன்வரிசை என்ன செய்யும்னு மட்டும் சொல்லு’ என்று முடித்திருந்தான்.

எனக்குத் தேவை மூன்று கைகள். புது லஹாரைத் தவிர வேறு எதை மட்டம் என்று சொன்னாலும் சரி, மூன்று கைகள்.

“இதுல பேச என்ன இருக்கு?” என்று பெஜோதான் ஆரம்பித்தான். “மட்டம்னா புது லஹார்தான். ஷாம்பு விளம்பரத்துக்குப் பாடுற மாதிரி பாடுறான்.”

“ஜுமாடி மேடையேறுன காலத்துல நீ மூக்கு ஒழுகிட்டு நின்னுருப்ப. உனக்கென்ன தெரியும் லே?” என்றார் இபு சுமியாத்தி.

“கேசட்டு வயசு பாத்தா பாடுது, இபு?”

“ஜுமாடி பாடுனது பாட்டுன்னு யார் சொன்னா?” பாக் ஹர்சோனோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாட்டுச் சந்தையில கேக்குற சத்தம் அது. கூட நாலு கித்தாரைச் சேத்துக்கிட்டாங்க. லஹாருக்கு இசைன்னு ஒண்ணு வந்ததே அப்புறம்தான். அந்த இருபத்திரண்டு நிமிஷ வாசிப்பு இருக்கே, அதுல எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு யாராவது சொல்ல முடியுமா?”

“முடியாது பாக். அதைப் போட்டா சாப்பிட வந்தவன் கிண்ணத்துக்குள்ளயே மூஞ்சிய வச்சுத் தூங்கிப்போறான்,” என்றார் இபு சுமியாத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். சாக் முல்யோ மட்டும் சிரிக்கவில்லை. அவர் கடைசியில்தான் பேசுவார்.

சிரிப்பு அடங்குவதற்குள் நானும் ஒன்று சொல்லிவைத்தால் நல்லது என்று நினைத்தேன். “எப்படியும் அந்தப் பையனுக்கு நெஞ்சுரம் இருக்கு. கெடிரியில நெத்தி கிழிஞ்ச பிறகும் ரெண்டு பாட்டு முடிச்சிட்டுத்தான் இறங்குனான்.”

பெஜோ வாசற்படியிலிருந்து திரும்பிப் பார்த்தான்.

“ரெண்டு இல்ல யூ. ஒண்ணரை. நான்தான எண்ணுனேன்.” கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து ஒரு கோழிமுட்டை அளவு காட்டினான். “ரோட்டோரத்து ஜல்லி. குனிஞ்சேன், எடுத்தேன், விட்டேன். இங்க.” தன் இடது புருவத்தைத் தொட்டுக்காட்டினான். “அது மலாங் இல்லியே, கெடிரிதான, சாக்? சங்கத்துக்குக் கெட்ட பேரு இல்ல.”

“வெளியூர்ல செஞ்சாலும் அசிங்கம் அசிங்கம்தான் லே,” என்றார் சாக் முல்யோ. குரலில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

“எழுதிக்குங்க யூ, எழுதிக்குங்க. என் பேரு குறிப்புல ஏறட்டும்.”

எழுதினேன். பெஜோ, கெடிரி, கல் ஒன்று. எழுத்து கோணிவிடுமோ என்று பயந்தேன். கோணவில்லை. ஆனால் உள்ளங்கை வியர்த்து, பக்கத்தின் ஓரத்தில் மை கசிந்தது. அந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

“ஆமா, உங்களுக்கு எப்படி யூ தெரியும்?” என்றான் திடீரென்று. “நீங்க கெடிரிக்கு வரவே இல்லியே.”

“பத்திரிகையில போட்டிருந்தான்.”

“எந்தப் பத்திரிகை? கல்லு பட்டதையே ஒருத்தனும் போடல. கம்பெனிக்காரன் அமுக்கிட்டான். ஒரு வாரம் தேடுனேன் நான், என் வீரத்தைப் பாக்கலாம்னு.”

சாக் முல்யோ கேசட் பிளேயரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

“அச்சகத்துல வேலை பாக்குறவளுக்குத் தெரியாத சேதியா?” என்றார் இபு சுமியாத்தி. “போடுற சேதியும் தெரியும், போடாத சேதியும் தெரியும். இல்லன்னா அவன் மேல ஒரு இதுவா, குஸ்? முப்பத்தொரு வயசுல?”

“அப்படித்தான் வச்சுக்குங்களேன்,” என்றேன். பெஜோ விசிலடித்தான். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். முகம் அவ்வளவு சூடாக இருந்தது. அவர்கள் நினைத்ததே நல்லதாகப் போயிற்று.

ஆனால் அதன் பிறகு எனக்கு நிதானம் போய்விட்டது. பயத்தில் நான் எப்போதும் ஒன்றைச் செய்வேன்: காகிதத்தைப் பிடித்துக்கொள்வேன். குறிப்பேட்டைப் பின்னால் புரட்டி, நடு லஹாரின் மேல் குற்றப்பத்திரிகை வாசிக்க ஆரம்பித்தேன். மூன்று வருடத்தில் மலாங்கில் இரண்டே நிகழ்ச்சி. முதலாவதில் முன்வரிசையில் நாற்பது பேர், இரண்டாவதில் பதினேழு. இரண்டாவதின் நடுவே கிளம்பிப் போனவர்கள் ஆறு பேர். அவர்கள் பெயரையும் வரிசையாக வாசித்தேன். மூன்றாவது பெயர் வாயிலிருந்து வந்த பிறகுதான் அது யாருடையது என்று உறைத்தது.

“பாக் ஹர்சோனோவா?” பெஜோ தொடையைத் தட்டிச் சிரித்தான். “பாக், இருபத்திரண்டு நிமிஷம் உங்களாலயே நிக்க முடியலியா?”

“எனக்கு அன்னிக்கு வயித்துப்போக்கு!” வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “குஸ்தினா, அதையும் எழுதி வச்சிருக்கியா? காரணத்த எழுதுனியா?”

“காரணம் எழுதல, பாக்.”

“அப்ப பேர மட்டும் ஏன் எழுதுன? நாலு வருஷமா இந்தக் கடையில உக்காந்து நடு லஹாருக்காகப் பேசுறவன் நான் ஒருத்தன். என்னையே எனக்கு எதிரா சாட்சிக்குக் கூப்பிடுறியா நீ?”

நான் மன்னிப்புக் கேட்டேன். இபு சுமியாத்தி பக்சோ கொண்டுவருவதாகச் சொல்லி சமாதானம் செய்தார். வாத்தியார் உட்கார்ந்தார், ஆனால் என் பக்கம் திரும்பவில்லை.

சாக் முல்யோ கை தூக்கச் சொன்னார். முதல் லஹார் மட்டம்: யாரும் இல்லை. வழக்கமாக அங்கே வாத்தியாரின் கை ஒன்று இருக்கும். நடு லஹார் மட்டம்: இபு சுமியாத்தி, நான். புது லஹார் மட்டம்: சாக் முல்யோ, பெஜோ. மூன்றாவதாக, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, பாக் ஹர்சோனோ.

மூன்று கைகள். அவற்றில் ஒன்றை நானே தூக்கிவைத்தேன்.

“முடிஞ்சது,” என்றார் சாக் முல்யோ. “புதுப் பாட்டு ஒண்ணு ஆரம்பிச்சாலும் திரும்பி நிக்கிறோம். எழுதிக்க, யூ.”

எழுதும்போது என் கண்ணில் பட்டதெல்லாம் பெஜோவின் வலது கைதான். படிக்கட்டில் கிடந்த ஒரு நட்டை எடுத்து மேலே போட்டுப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு முறைகூடத் தவறவில்லை.

அப்போதுதான் சாக் முல்யோ கேசட்டைப் போட்டார். ஒவ்வொரு கூட்டமும் அந்தக் கேசட்டோடுதான் முடியும். 1979-இல் விலிங்கி ஊர் மைதானத்தில் லஹார் பாடியதைக் கூட்டத்தில் யாரோ பதிவு செய்தது. பாட்டு ‘பாலத்தைக் கடக்காதே.’ இந்த நகரத்தில் முன்னூறு பேருக்காவது அவர் அதைப் பிரதி எடுத்துக் கொடுத்திருப்பார். ஜுமாடியின் உச்சம் இதுதான், இதற்கு மேல் ஒரு மனிதக் குரல் போகாது என்பது அவர் கட்சி. பாட்டின் நடுவே ஒரு கதறல் வரும். வாத்தியார் கடிகாரம் வைத்து அளந்திருக்கிறார், பத்தொன்பது விநாடி. முடிகிற இடத்தில் ஒரு விம்மல் போல மூச்சு உடையும்.

“கேளு லே, கேளு,” என்று சாக் முல்யோ கிசுகிசுத்தார். “அந்த உடைப்பு. அது பத்து வருஷ சாதகம். இந்தப் பயலுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வருமா?”

பெஜோவின் கண்கூட ஈரமாக இருந்தது.

அது ஜுமாடி இல்லை.

அந்த மைதானத்தின் பின்புறம்தான் எங்கள் வீடு. மேடையின் முதுகு எங்கள் கிணற்றைப் பார்த்திருந்தது. ரியாடிக்கு அப்போது பதினேழு வயது, லஹாருக்கு வயர் சுற்றும் வேலை. பாட்டின் முதல் அடியிலேயே ஜுமாடிக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேடைப் புகையை அதிகமாக விட்டு ஜுமாடியை மறைத்துவிட்டு, கித்தார்க்காரர் ஓடி வந்து தம்பியின் கையில் இரண்டாவது மைக்கைத் திணித்து ஒலிப்பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினார். மாட்டிக்கொண்டால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்று அவன் நடுங்கினான். நான் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பத்தொன்பது விநாடியும் என் உள்ளங்கை வழியாகத்தான் போயிற்று. கடைசியில் வரும் உடைப்பு சாதகமல்ல. அவன் அழுதுவிட்டான்.

சொல்லிவிடலாமா? வாய் வரை வந்தது. ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எப்படித் தெரியும் என்பார்கள். அக்கா என்று சொல்ல வேண்டும். இரண்டு வருடம் ஒளித்ததைச் சொல்ல வேண்டும். செத்துப்போன மனிதர் மேல் பழி போடுகிறாள் என்பார்கள். அதை நம்பினால் இன்னும் மோசம். முன்னூறு பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்த சாக் முல்யோவை லஹார் ஏழு வருடம் ஏமாற்றியிருக்கிறது, அதற்கு உடந்தை ரியோ என்று ஆகிவிடும். அப்புறம் முதுகு காட்டுவதோடு நிற்க மாட்டார்கள்.

கேசட் முடிந்து ‘டக்’ என்று நின்றது.

“சாக், ஒரு திருத்தம் சொல்லலாமா?” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. “கடிதத்துல வேண்டாத பாட்டு மட்டும்தான் இருக்கு. வேணுங்கற பாட்டு ஒண்ணும் இருக்கணும். முதல் பாட்டா இதையே கேப்போம். இந்தக் கேசட்ல இருக்கற மாதிரியே, அதே உயரத்துல, அந்த உடைப்போட.”

“அவனா?” பெஜோ வாய்விட்டுச் சிரித்தான். “தொண்ட கிழிஞ்சு தொங்கும்.”

“கிழியட்டுமே. உங்களுக்கென்ன நஷ்டம்? பாடிட்டான்னா புதுப் பாட்டையும் திரும்பாம நின்னு கேக்கறோம்னு எழுதுவோம். அவனால முடியாதுன்னு நீங்கதான சொல்றீங்க?”

சாக் முல்யோ தாடையைத் தடவினார். “முடியாதுதான்.”

“அப்ப எழுதறதுல என்ன பயம், சாக்?”

அவர் சிரித்தார். அன்று முதல் தடவையாக. “இவ பேசற பேச்சப் பாருங்க. சரி, எழுது. பாடிட்டான்னா எங்க முதுக அவன் பாக்கவே மாட்டான், கடைசிப் பாட்டு வரைக்கும். நான் சொன்னா சொன்னதுதான்.” பிறகு விரலை உயர்த்தினார். “ஆனா, பாடலேன்னா புதுப் பாட்டு வரட்டும்னு காத்துக்கிட்டு நிக்க மாட்டோம். அங்கயே, அந்த இடத்துலயே திரும்பறோம். அதையும் சேத்து எழுது.”

“சபாஷ்,” என்றான் பெஜோ. நட்டை மேலே போட்டுப் பிடித்தான்.

நான் கேட்டதற்கு அவர் வைத்த விலை அது. வேண்டாம் என்று பின்வாங்க எனக்கு என்ன காரணம் இருந்தது? தம்பியின் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. கல் பட்டதிலிருந்து மேல் குரலுக்குப் போனால் கண்ணுக்குப் பின்னால் சுண்டி இழுக்கிறது, எல்லாப் பாட்டையும் இரண்டு படி இறக்கித்தான் பாடுகிறேன் என்று. அது தெரிந்தேதான் கேட்டேன். நிச்சயமாக விழப்போகும் கல்லுக்கும், ஒருவேளை விழாமல் போகலாம் என்ற கல்லுக்கும் நடுவில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பழைய பாட்டு நான்கைந்து முடிந்து புதுப் பாட்டுக்கு வந்திருக்க வேண்டிய கல்லை முதல் பாட்டுக்கே இழுத்து வந்துவிட்டேன் என்பதும் தெரிந்தது.

கடிதத்தை இரண்டு முறை எழுதினேன். முதல் தாளில் ‘அதே உயரத்தில்’ என்ற இடத்தில் மை சிந்திவிட்டது. இரண்டாவது தாளைச் சத்தமாக வாசித்தேன். ஐவரும் கையெழுத்துப் போட்டோம். பாக் ஹர்சோனோ தன் பட்டத்தையும் சேர்த்துப் போட்டார். ஓரத்தில் தம்பிக்கென்று ஒரு சொல், ஒரு புள்ளி வைக்கக்கூட இடமில்லை. எல்லோருக்கும் நடுவில், எல்லோரும் பார்க்க உறையை ஒட்டுவதுதான் எங்கள் வழக்கம். சாக் முல்யோ பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை விரலில் எடுத்து உறையின் வாயில் தடவி, டியூபில் பேட்ச் அழுத்துவது போலக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“இனி எவனாலயும் கிழிக்காம பிரிக்க முடியாது. நாளைக்குத் தபால்ல போட்டுடு, யூ.”

“தபால் எதுக்கு?” பெஜோ எழுந்து சீருடைச் சட்டையை உதறினான். “நாலு மணி டிரிப்பு எனக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி சுரபாயா. அவங்க ஒத்திகை நடத்தற இடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிதான். நானே கொடுத்துடறேன். அவன் கையிலயே.”

“மேனேஜர்கிட்ட கொடுத்தா போதும் பெஜோ,” என்றேன்.

“இல்ல யூ, அவன் கையிலதான். கிட்ட நின்னு பாக்கணும், என் கல்லு எங்க பட்டிருக்குன்னு. தூரத்துலேர்ந்து சரியா தெரியல.”

என் கையிலிருந்து உறையை வாங்கிக்கொண்டான். நான் பிடியை விட ஒரு நொடி தாமதமாயிற்று போலிருக்கிறது, “என்ன யூ, காதல் கடிதமா, விட மனசு வரலியா?” என்றான். இபு சுமியாத்தி சிரித்தார். நானும் சிரித்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரை அவன் பின்னாலேயே போனேன். ஊருக்குப் போகிற ஆளை வழியனுப்ப வந்தவள் போல நடைமேடையில் நின்றேன். அவன் உறையை மடித்துச் சட்டையின் மேல் பையில் செருகி, பொத்தானைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். டிரைவர் கியரைப் போட்டார். நான்கு அடித்து மூன்று நிமிடம். நான் மணியைக் குறித்துக்கொண்டேன்.